பெயிண்ட் டப்பாவைக் கடைசியில் வாங்குங்கள்



பழைய ஃபைபர் படகு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டு வாசலிலோ வேலியோரப் பூவரசு நிழலிலோ முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரைக்கும் உங்களைப் போன்றவர்கள் இல்லாத குப்பம் அரிது. கடன் வாங்கிப் புதுப் படகு எடுத்து வட்டி கட்டிக்கொண்டிருப்பதைவிட, பழசை வாங்கிச் சொந்தக் கையால் தேற்றிக் கடலில் இறக்குவது நல்ல யோசனைதான். அதைத் தடுக்க நான் எழுதவில்லை. படகு வந்த அன்றைக்கே அதன் பக்கத்தில் நீலமும் சிவப்புமாக எனாமல் டப்பாக்களும் வந்து உட்கார்ந்துவிடுகின்றனவே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

மோல்டிங் பட்டறையில் ரெசின் வாடையிலேயே வயதைக் கழித்தவன் நான். கடைக்குப் போனால் முதலில் வாங்க வேண்டியது உப்புத்தாள், கடைசியில் வாங்க வேண்டியது பெயிண்ட் என்பேன். நீங்கள் வரிசையைத் தலைகீழாக்குகிறீர்கள். காரணம் புரியாமல் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. விசைப்படகுக்காரர்கள் அந்த நாட்களில் படகைக் கரையேற்றி நிதானமாகப் பழுது பார்க்கிறார்கள். சின்ன எஞ்சின் வைத்த ஃபைபர் படகுக்குத் தடை இல்லை. அதனாலேயே அதற்கு ஓய்வும் இல்லை. படகு தரையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் தொழில் போன நாள். அந்த அவசரத்தில் கண்ணுக்குத் தெரிகிற வேலை முதலில் நடக்கிறது. தெரியாத வேலை அப்படியே நின்றுவிடுகிறது.

கட்டுமரத்தில் இந்தக் கள்ளத்தனம் இல்லை. கயிற்றை அவிழ்த்துப் போட்டால் எந்தக் கட்டை ஊறியிருக்கிறது, எது அழுகியிருக்கிறது என்று சின்னப் பையனும் சொல்லிவிடுவான். அந்தக் கட்டையை மட்டும் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஃபைபர் அப்படிக் காட்டிக்கொடுக்காது. மேலே ஜெல்கோட் என்கிற அரை மில்லிமீட்டர் தோல். அதற்குக் கீழே கண்ணாடியிழை மேட்டும் ரோவிங்கும் ரெசினில் ஊறி இறுகிய அடுக்குகள். தோல் பளபளவென்று இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கலாம். அதன் மேல் இன்னொரு கோட் பெயிண்டும் ஏறிவிட்டால், சொந்தக்காரனுக்கே தெரியாமல் போய்விடும்.

உங்களில் பலர் வாங்கியிருப்பது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரைக்கு வந்த படகுகளில் ஒன்றாக இருக்கும். அதற்கு முன்பும் ஃபைபர் இருந்தது. 1979-இல் சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் கரையில் இறக்கி ஏற்றக்கூடிய படகுகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஆனால் கட்டுமரத்தை ஓரங்கட்டியது சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகு வெள்ளம்தான். கொடுத்தவர்கள் நல்ல மனசோடு கொடுத்தார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் படகு வேண்டும் என்றபோது, நேற்று வரை தண்ணீர்த் தொட்டி செய்தவரும் படகு செய்ய உட்கார்ந்தார். சில படகுகளில் நாலு அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. ரோவிங் போட வேண்டிய இடத்தில் வெறும் மேட் இருந்தது. அந்தப் படகுகள் அதன் பிறகு தானே, கஜா என்று புயல்களையும் பார்த்து, மூன்று நான்கு கை மாறி, இப்போது உங்கள் வாசலுக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு புதுப் பெயிண்ட். உங்கள் படகுக்கு எத்தனை சட்டை என்று தெரிய வேண்டுமானால், ஓர் ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கழுவுங்கள். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு உள்ளும் புறமும். உப்புப் படிந்த இடத்தில் எதுவும் ஒட்டாது. நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சின்னச் சுத்தியலையோ கனமான நாணயத்தையோ எடுத்து, அணியத்தில் தொடங்கித் தட்டிக்கொண்டே பின்பக்கம் வரை வாருங்கள். கெட்டியான இடம் 'டங்'கென்று பதில் சொல்லும். அடுக்குப் பிரிந்த இடத்தில் சத்தம் 'பொத்'தென்று அமுங்கும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அவசரப்பட வேண்டாம், பக்கத்தில் ரேடியோவும் வேண்டாம்.

வட்டங்கள் எங்கே கூடும் என்று எனக்கு இங்கிருந்தே தெரியும். ஒன்று, படகின் அடிமுதுகான ஏரா. துறைமுகம் இல்லாத ஊர்களில் டிராக்டரைக் கட்டி மணலில் இழுத்துத்தான் படகை ஏற்றுகிறோம். ஒவ்வோர் இழுவையிலும் ஏரா தேய்கிறது. ஜெல்கோட் போய் வெள்ளை நார் தெரிய ஆரம்பித்தால், அந்த நார் வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறும். இன்னொன்று, உள்தடுப்புப் பலகைகள் படகின் மேனியோடு சேருகிற மூலை. அலையில் மேனி வளைந்து கொடுக்கிறது, தடுப்பு வளையாது. இரண்டும் சேரும் கோட்டில் விரிசல் விழும். வெளியில் பட்டி வைத்து மூடினால் அடுத்த மாதமே திரும்ப வரும். உள்ளே அந்த மூலையை உருட்டி நிரப்பி, அதன் மேல் மேட் ஒட்டி, வளைவின் பாரத்தைப் பரப்பிவிட வேண்டும். நட்சத்திரம் போல விரிகிற மெல்லிய கீறல்கள் வேறு. பெரும்பாலும் அவை ஜெல்கோட்டோடு நிற்கும். ஆனாலும் பின்னால் போய் உள்பக்கத்தைப் பார்க்காமல் நம்பிவிடாதீர்கள். தண்ணீரிலேயே கட்டிக்கிடந்த படகாக இருந்தால் கொப்புளம் இருக்கும். குத்தினால் புளிப்பு வாடையோடு நீர் வரும். அதைத் திறந்து, கழுவி, வாரக்கணக்கில் காயவிட்ட பிறகுதான் மூடலாம்.

எஞ்சின் உட்காரும் இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லாங்டெயில் எஞ்சினோ பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டோ, எதுவானாலும் ஃபைபர் தோலுக்குள் ஒட்டுப்பலகைதான் பாரத்தைத் தாங்குகிறது. போல்ட் துளை வழியாகத் தண்ணீர் போய்ப் பலகை ஊறிக் கூழாகியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. போல்ட் ஒன்றைக் கழற்றி, துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகுங்கள். கறுத்த ஈரத்தூள் வந்தால் அந்தப் பலகை முடிந்தது. ரெசினை ஊற்றி இறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊறிய மரத்தை ரெசின் குடிக்காது. உள்பக்கத் தோலை அறுத்தெடுத்து, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ஒட்டுப்பலகையை வைத்து, புதிதாக மேட் போட்டு மூடுங்கள். சாதாரண ஒட்டுப்பலகை மலிவுதான். நடுக்கடலில் எஞ்சின் பலகையோடு பிய்த்துக்கொண்டு போகும்போது அந்த மிச்சம் எதற்கும் ஆகாது.

அடுத்தது, மூடிய அறைகள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பதற்காக அங்கே தெர்மகோல் அடைத்திருக்கிறார்கள். பழைய படகு பாரமாகிவிட்டது, எஞ்சின் இழுக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் பலர் அந்த அறையைத் திறந்தே பார்த்ததில்லை. மூட்டு விட்டு வருடக்கணக்கில் தண்ணீர் நின்றால், தெர்மகோலும் மணிகளின் இடுக்கில் ஈரம் ஏறிக் கனக்கும். அறையின் அடியில் சின்னத் துளை போட்டு ஓர் இரவு வடியவிடுங்கள். தண்ணீர் நிற்காமல் வந்தால் மேல்மூடியை அறுத்து, பழையதை அள்ளிப்போட்டு, புதிது வையுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைத்துவிடும். நேராக ரெசின் பட்டால் உங்கள் மிதவை கண்ணெதிரே சுருங்கிக் காணாமல் போகும். பாலித்தீன் ஷீட்டால் நன்றாகச் சுற்றி வையுங்கள். பெட்ரோல் பட்டாலும் இதே கதிதான். பெட்ரோல் கேனை அந்த மூடிமேல் வைக்கிற பழக்கத்தை விடுங்கள்.

இனி ஒட்டு. ஓட்டை விழுந்த இடத்தின் மேல் மேட் துண்டை ஒட்டி ரெசின் தடவினால் அது ஒட்டு ஆகாது. இறுகிப்போன பழைய பாலியெஸ்டரோடு புது ரெசின் ரசாயனமாகக் கலப்பதில்லை, பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பிடிக்க இடம் வேண்டும். அதனால் ஓரத்தைச் சரிவாக, தடிமனைப் போலப் 12 மடங்கு தூரத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஓட்டையைச் சுற்றி 72 மில்லிமீட்டர், ஏறக்குறைய நாலு விரல் அகலம். 36 அல்லது 40 நம்பர் தாளில் கரடுமுரடாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, அசிட்டோன் போட்டு ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் மேட். தேய்ப்பதற்கு முன்பே ஒரு தடவை அசிட்டோன் துடைப்பு வேண்டும். இல்லையென்றால் மேலே இருக்கும் மெழுகையும் எண்ணெயையும் நீங்களே கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றியதாகிவிடும். அரிக்கிறது என்று கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மேட்டைத் தொடுகிற ஆட்களை நான் பட்டறையை விட்டே அனுப்பியிருக்கிறேன்.

மேட்டுக்கு அதன் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின். ரோவிங்குக்குச் சம எடை போதும். ரெசினைத் தாராளமாகக் கொட்டினால் பலம் என்பது தப்பான எண்ணம். பலம் இழையில் இருக்கிறது. ரெசின் அதிகமானால் கண்ணாடி மாதிரி உடையும். வெள்ளைத் திட்டு தெரியாமல் ஊறியதும் ரோலரால் காற்றுக் குமிழியைத் தள்ளி வெளியேற்றுங்கள். வசதி இருந்தால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே எபாக்ஸி போடுங்கள். பழைய பாலியெஸ்டர் மேல் அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாக இறுகாது. அங்கே பெயிண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கார் ஷெட்டில் கிடைக்கிற பட்டியைத் தண்ணீருக்குக் கீழே வைக்கவே வேண்டாம். அது ஈரம் குடிக்கும்.

ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை டப்பா மூடியால் அளக்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி; மே மாத வெயிலில் 10 போதும். மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் கிடைக்கும். அதிகம் ஊற்றினால் கிண்ணத்திலேயே கட்டியாகிப் புகையும், குறைத்தால் மாதக்கணக்கில் இறுகாமல் கிடக்கும். அரைக் கிலோவுக்கு மேல் ஒரு தடவையில் கலக்காதீர்கள். இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாகக் கொடுத்திருந்தால் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலக்குங்கள், பிறகு கேட்டலிஸ்ட். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று ஊற்றினால் வெடிக்கும். இது மிரட்டல் வார்த்தை கிடையாது, அந்த இரண்டு பொருளின் குணம். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மீந்த ரெசினை மணலில் கொட்டிப் பரப்பி, இறுகியதும் அள்ளிவிடுங்கள். கீற்றுக் கொட்டகைக்குள் கிண்ணத்தோடு வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

நேரம்: பனி காய்ந்த பிறகு தொடங்கி, கடற்காற்று ஏறும் முன்பு முடிப்பது நல்லது. ஈரக்காற்றும் உப்பும் இரண்டு அடுக்குக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் நீங்களே ஒரு 'பொத்' சத்தத்தை உருவாக்கியதாக ஆகும்.

இனி, வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கும் அண்ணிமார்களுக்கும் தங்கைகளுக்கும். வாசலில் வேலை என்றால் அது உங்கள் மூச்சிலும் நடக்கிற வேலை. கிரைண்டர் கிளப்பும் வெள்ளைத் தூசியில் கண்ணாடி இழை இருக்கிறது. அது குடத்துத் தண்ணீரிலும் காய்கிற கருவாட்டிலும் தொட்டில் துணியிலும் விழும். துண்டை முகத்தில் கட்டிக்கொண்டால் போதாது. தேய்க்கிறவருக்கு என்95 முகக்கவசமாவது வேண்டும். ரெசின் வாடையாக வருகிற ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்பு மிகுந்த பொருள்களின் பட்டியலில் 2018-இல் சேர்த்திருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. கர்ப்பிணியும் குழந்தையும் அந்தப் பக்கம் போக வேண்டாம். கருவாடு காயும்போது கிரைண்டர் ஓடினால், பேச்சு வார்த்தை வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சமையல் கிண்ணத்தில் ரெசின் கலக்கினால் அந்தக் கிண்ணத்தைத் திரும்ப அடுப்படியில் சேர்க்காதீர்கள்.

பெயிண்டுக்கு இப்போதுதான் முறை வருகிறது. பழைய பெயிண்டை நெருப்பு வைத்தோ பெயிண்ட் ரிமூவர் ஊற்றியோ எடுக்கக் கூடாது. இரண்டும் அடியில் இருக்கும் ஃபைபரையும் சேர்த்துத் தின்னும். தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் எதுவும் உங்கள் படகில் இருக்கலாம். காய்ந்த தூளாகப் பறக்கவிடாதீர்கள். எடுத்த பிறகு மேனியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் மெழுகு மிச்சம்.

எந்த பெயிண்ட்? எனாமல் மலிவு, ஒன்றிரண்டு வருடத்தில் வெளுக்கும், திரும்ப அடிப்பது சுலபம். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் நெடுநாள் நிற்கும். ஆனால் பழைய எனாமல் மேல் அதை அடித்தால் சுருண்டு உரியும். தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். பழைய பெயிண்ட் இளகி ஒட்டினால் அது எனாமல், முழுக்க எடுத்துவிட்டு எபாக்ஸி பிரைமர் போட்ட பிறகே பியூ. அதைப் பிரஷ்ஷாலோ ரோலராலோ மட்டும் அடியுங்கள். ஸ்ப்ரே செய்தால் அதிலுள்ள ஐசோசயனேட் மூச்சில் போய் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். என் கருத்தைக் கேட்டால், மணலில் தினம் இழுபடும் படகுக்கு எனாமலே போதும். மிச்சமாகும் பணத்தில் ஏராவுக்கு இரண்டு அடுக்கு ரோவிங் கூடப் போடுங்கள். கறுப்பும் கருநீலமும் வேண்டாம். வெயிலில் சூடேறி உள்ளே இருக்கும் நெசவு வெளியில் தெரிய ஆரம்பிக்கும். தினமும் கரையேறும் படகுக்குப் பாசி தடுக்கும் பெயிண்ட் வெட்டிச் செலவு. முகத்துவாரத்திலேயே கட்டிக்கிடக்கிற படகுக்கு மட்டும் அது தேவை. அதிலும் செம்பு கலந்ததை அவுட்போர்டின் அலுமினிய அடிப்பாகத்துக்குப் பக்கத்தில் அடித்தால் அலுமினியம் அரித்துப்போகும். மாநிலத்துக்கென்று ஒதுக்கிய நிறத்தையும் பதிவு எண்ணையும் மறைத்துவிட்டுக் கட்சிக்கொடி வண்ணம் அடிக்கிறவர்கள், கடலோரக் காவல்படை நிறுத்தும்போது பதில் யோசித்து வைத்துக்கொள்ளட்டும்.

தேய்த்த தூள் எங்கே போகிறது? அலை கொண்டுபோகும் என்று கரையிலேயே விட்டுவிடுகிறோம். இங்கிலாந்தின் சிச்செஸ்டர் துறைமுகத்தில் சிப்பிகளுக்குள் கண்ணாடியிழைத் துகள்கள் கிடைத்ததாக 2024-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். படகு பழுதுபார்க்கும் இடங்களை ஒட்டிய தண்ணீர் அது. நாம் தேய்க்கிற கரையும் நாம் வலை போடுகிற தண்ணீரும் அவ்வளவுகூடத் தள்ளி இல்லை. படகுக்கு அடியில் தார்ப்பாய் விரியுங்கள், தூளைக் கூட்டிச் சாக்கில் கட்டுங்கள், டப்பாவையும் பிரஷ்ஷையும் முகத்துவாரத்தில் கழுவாதீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் ஒருநாள் இந்தப் படகை விற்பீர்கள். அப்போது வாங்க வருகிறவரை வெயிலில் பளபளக்கும் பக்கத்தில் நிறுத்திப் பேசாதீர்கள். எங்கே ஓட்டை இருந்தது, எந்த அறையில் தெர்மகோல் மாற்றினீர்கள், பின்பலகை எந்த வருடத்தது என்று தொட்டுக் காட்டிச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவையும் முறையாக அவர் பெயருக்கு மாற்றிக்கொடுங்கள். விலை கொஞ்சம் குறையத்தான் செய்யும். குறையட்டும், அந்தப் படகில் கடலுக்குப் போகப்போவது அடுத்த குப்பத்துப் பிள்ளை.

இப்படிக்கு,
கடலூர்க் கரையிலிருந்து ஒரு பழைய மோல்டிங் தொழிலாளி